18 பக்கக் கையேட்டுக்கு ஒரு நட்சத்திரம், 27 நிமிட வீடியோ கோலுக்கு ஐந்து

முழுவதும் வாசிக்க நேரமில்லாதவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளிகளை ஏற்பாடு செய்து அனுப்புகிற ஒரு ஏஜென்சி திருகோணமலை டவுனிலும் கிளை போட்டிருக்கிறது. அவர்களிடம் டொக்டரோடு வீடியோ கோல் மட்டும் எடுத்தால் காசு வீண்போகாது. அவர்கள் விற்கிற ‘வைரஸால் மேம்படுத்திய ஒளி நோயெதிர்ப்புச் சிகிச்சை’ பக்கேஜுக்கு மட்டும் முற்பணம் கட்டிவிடாதீர்கள். பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இதே படங்களும் இதே வசனங்களும் போட்ட கையேட்டை வேறு இரண்டு பேரிடமும் பிறகு பார்த்தேன், ஒருவரை மட்டும் காட்டிக்கொடுத்து மற்றவர்களைத் தப்பவிட எனக்கு விருப்பமில்லை.

அப்பாவுக்கு 71 வயது. நாற்பது வருஷமாகப் படகு எஞ்சின் திருத்துகிறவர், திருக்கடலூர்ப் பக்கம் அவர் கை படாத அவுட்போர்ட் எஞ்சின் குறைவு. கண் மஞ்சளானபோது வீட்டில் எல்லாரும் செங்கமாரி என்றுதான் நினைத்தோம். மூன்று கிழமை கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்தார், உப்பில்லாமல் சாப்பிட்டார், மஞ்சள் கூடியதே தவிர இறங்கவில்லை. நோவு என்று ஒன்றும் இல்லை, அதுதான் எங்களை ஏமாற்றியது. ஆனால் சொறி, இரவு முழுக்கச் சொறி. எஞ்சினில் கரி சுரண்டுகிற தகட்டை எடுத்து முதுகைச் சுரண்டுகிறார் என்று அம்மா போனில் அழுதபோதுதான் நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். சிறுநீர் கட்டிப் பிளேன்டீ நிறம், மலம் களிமண் நிறம். கண் மஞ்சளோடு இதெல்லாம் சேர்ந்து வந்தால், தயவுசெய்து, கீழ்க்காய்நெல்லியை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஸ்கானுக்கு ஓடுங்கள்.

அதன்பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது, அதில் யார்மீதும் எனக்குக் குறையில்லை. இங்கே ஸ்கான், பிறகு இரவு ரயிலில் கொழும்பு, ஈஆர்சிபி செய்து, அதாவது வாய் வழியாகக் கமரா விட்டு, பித்தக்குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்தார்கள், இரண்டு கிழமையில் கண் வெளுத்தது, சொறி நின்றது. சோதனை முடிவில் பித்தக்குழாய்ப் புற்றுநோய். கல்லீரலின் வலது குழாயும் இடது குழாயும் வந்து சேருகிற சந்தியிலேயே உட்கார்ந்திருக்கிறது, 1965இல் இந்த வகையை விவரித்து எழுதிய கிளாட்ஸ்கின் என்கிற டொக்டரின் பெயரால் அதைச் சொல்வார்களாம். இரண்டு பக்கமும் பரவி இரத்தக்குழாயையும் பிடித்திருப்பதால் வெட்டி எடுக்க முடியாது, கீமோ கொடுக்கலாம் என்றார்கள்.

வெட்ட முடியாது என்ற சொல் வீட்டுக்குள் வந்ததும் உறவுக்காரரின் வட்ஸ்அப் தொடங்கிவிட்டது. கனடாவில் இருக்கிற சித்தி மகன் ஒரு வீடியோ அனுப்பினான். இருட்டில் ஒரு எலி, அதன் முதுகில் சிவப்பு வெளிச்சம், வயலின் இசை. ‘ஒளியால் புற்றுநோய் அழிகிறது, வைரஸ் உதவுகிறது, உங்கள் நகரத்திலேயே பதியலாம்.’ நகரம் என்று பார்த்தால் திருகோணமலை. எனக்கே ஆச்சரியம்.

சரி, கடைக்கு வருகிறேன். டவுன் நடுவில், ஒரு பாதணிக் கடைக்கு மேல்மாடி. நாங்கள் போனபோது படிக்கட்டின் அடியில் ஒரு மான் நின்று சப்பாத்துப் பெட்டியின் மட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரருக்கு இது விசித்திரமாக இருக்கும், எங்களுக்கு மாடு நிற்கிற மாதிரித்தான். அப்பா அதைத் தள்ளிவிட்டு ஏற ஐந்து நிமிடம் எடுத்தார், இருபத்தெட்டுப் படி, லிப்ட் இல்லை, நடுவில் இருக்க ஒரு கதிரையும் இல்லை. நோயாளிகளை நம்பி நடக்கிற தொழிலுக்கு இது என்ன இடம் என்று எனக்கு முதல் எரிச்சல் அங்கேதான் வந்தது. மேலே போனால் ஏசி, சுத்தம், நல்ல இஞ்சி டீ. டீக்குக் குறை சொல்லவே முடியாது. எங்களைப் பார்த்த பெடியன் மரியாதையானவன், அப்பாவை ஐயா என்றும் என்னை அக்கா என்றும்தான் கதைத்தான்.

அவன் கையில் தந்தது 18 பக்கக் கையேடு. வழுவழுப்புத் தாள், ஒவ்வொரு பக்கத்திலும் சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவர். ஆறாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘98 நாளிலிருந்து 493 நாள்!’ ஏழாம் பக்கத்தில் ஜப்பான் அரசு அனுமதித்தது என்று ஒரு கொடி. எட்டாம் பக்கத்தில் முட்கள் வைத்த பந்து மாதிரி ஒரு வைரஸ் சிரித்துக்கொண்டு கைகாட்டுகிறது. பத்தாம் பக்கத்தில் விலை, 38 லட்சம். மாத முடிவுக்குள் 6 லட்சம் முற்பணம் கட்டினால் விமான டிக்கெட் ஒன்று இலவசம். டொக்டரோடு வீடியோ கோல் மட்டும் என்றால் 18,500 ரூபா, அது கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில்.

“வைரஸ் எண்டா என்ன தம்பி, அதை உடம்புக்குள்ள விட்டா காய்ச்சல் வராதா?” என்று கேட்டேன். “இது கொரோனா மாதிரி இல்ல அக்கா, இது நல்ல வைரஸ்” என்றான். அதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை, தெரியாது என்று சொல்லவும் விடமாட்டார்கள் போல. அப்பா கையேட்டை மூடி என்னிடம் தந்துவிட்டு, “எஞ்சின வாங்க முதல் ஒருக்கா ஸ்டாட் பண்ணிப் பாக்கோணும் பிள்ளை” என்றார். 18,500 கட்டினோம்.

கோல் ஏற்பாட்டில் இருந்த குறைகளையும் எழுதத்தான் வேண்டும். நாங்கள் 11 தாள் ரிப்போர்ட் கொடுத்தோம், அவர்கள் மூன்றைத்தான் ஸ்கான் செய்து அனுப்பியிருக்கிறார்கள், அதிலும் ஒன்று தலைகீழ். காலை 10 மணிக்கென்று சொல்லி 11.40க்குத்தான் டொக்டர் வந்தார், அதுவரை அப்பா பிளாஸ்டிக் கதிரையில். நடுவில் இரண்டு தரம் கோல் அறுந்தது. மிச்ச எட்டுத் தாளையும் நான் என் போனில் படம் எடுத்து அந்த நேரத்திலேயே அனுப்பினேன், டொக்டர் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாக வாசித்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர், ஈரல், பித்தக்குழாய் வருத்தங்களைத்தான் வருஷக்கணக்காகப் பார்க்கிறாராம்.

வாசித்து முடித்ததும் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார், “ஐயா, நோயைப் பத்தி உங்ககிட்டயே பேசலாமா, பொண்ணுகிட்டப் பேசணுமா? எண்ணிக்கை, மாசக் கணக்கு எல்லாம் சொல்லலாமா?” இவ்வளவு நாளில் ஒருவரும் அப்பாவிடம் அதைக் கேட்கவில்லை, நான் உட்பட. அப்பா, “சொல்லுங்கோ டொக்டர் தம்பி, என்ர உடம்புதானே” என்றார்.

நான் கையேட்டின் ஆறாம் பக்கத்தைக் கமராவுக்குக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, பெருமூச்சு மாதிரி ஒன்று விட்டார். இதில் மூன்று வேறு வேறு சங்கதிகளை ஒன்றாகத் தைத்து ஒரே சட்டையாக விற்கிறார்கள் என்றார். பிறகு ஒவ்வொரு தையலாகப் பிரித்தார்.

முதல் துண்டு பழைய ஒளிச் சிகிச்சை. ஒளிக்கு எதிர்வினை காட்டுகிற ஒரு மருந்தை ஊசியில் ஏற்றி, இரண்டு நாள் பொறுத்து, ஈஆர்சிபி வழியாக மெல்லிய ஒளியிழையைப் பித்தக்குழாய்க்குள் கொண்டுபோய் 630 நானோமீற்றர் சிவப்பு ஒளி பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட இடத்தில் அந்த மருந்து ஒக்சிசனைக் கொதிப்பேற்றி, சுற்றியிருக்கிற கலங்களைக் கொல்லும். 2003இல் வெளியான ஆய்வில் 39 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள், குழாய் மட்டும் வைத்தவர்கள் நடுத்தரமாக 98 நாளும், குழாயோடு ஒளியும் பெற்றவர்கள் 493 நாளும் இருந்தார்கள். கையேட்டின் எண் பொய் இல்லை, அந்த எண் அதுதான். ஆனால் அதற்குப் பிறகு பிரித்தானியாவில் 92 பேரை வைத்து அதே கேள்வியைக் கேட்டார்கள், 2018இல் முடிவு வந்தது. ஒளி பெற்றவர்கள் 6.2 மாதம், குழாய் மட்டும் வைத்தவர்கள் 9.8 மாதம். தலைகீழ். கையேட்டில் 2003 இருக்கிறது, 2018 இல்லை. இந்த ஒரு வசனத்துக்காகவே நான் 18,500 கொடுத்திருப்பேன்.

அதோடு இன்னொன்று, அந்த மருந்து ஏற்றினால் குறைந்தது 30 நாள் வெயில் படக்கூடாது, பட்டால் தோல் வெந்துபோகும். திருகோணமலையில், கடற்கரையில் வேலை செய்கிற ஒரு மனுசனுக்கு! இதுவும் 18 பக்கத்தில் ஒரு மூலையிலும் கிடையாது.

இரண்டாம் துண்டுதான் ஒளி நோயெதிர்ப்புச் சிகிச்சை, கொடி போட்ட பக்கம். இங்கே டொக்டருக்கே உற்சாகம் வந்துவிட்டது, அவர் கதைத்த விதத்தில் தெரிந்தது. அன்டிபொடி இருக்கிறதல்லவா, பள்ளிக்கூடத்தில் பிறபொருளெதிரி என்று படித்தோமே, அதன் வாலில் ஐஆர்700 என்கிற சாயத்தைக் கட்டிவிடுவார்கள். அன்டிபொடி தனக்குரிய குறி உள்ள புற்றுக்கலத்தைத் தேடிப்போய் ஒட்டும். பிறகு 690 நானோமீற்றர் ஒளி. ஒளி பட்டதும் சாயத்தின் இயல்பு மாறி, ஒட்டியிருக்கிற இடத்தில் கலத்தின் தோலைக் கிழிக்கும், தண்ணீர் உள்ளே புகுந்து சில நிமிடத்தில் கலம் ஊதி வெடிக்கும். ஒட்டாத கலத்துக்கு ஒன்றும் ஆகாது. வெடித்ததில் சிதறுகிற குப்பையைப் பார்த்துத்தான் உடம்பின் காவல்படை விழிக்கும், அதனால்தான் பெயரில் நோயெதிர்ப்பு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கோபயாஷி என்பவரின் குழு 2011இல் இதை வெளியிட்டது, ஜப்பான் 2020 செப்டெம்பரில் அனுமதி கொடுத்தது. எதற்கு? வெட்ட முடியாத, அல்லது திரும்பி வந்த, தலை, கழுத்துப் புற்றுக்கு. பித்தக்குழாய்க்கு இல்லை. கையேட்டுக் கொடி உண்மை, கொடிக்குக் கீழே எழுதாமல் விட்டதுதான் பித்தலாட்டம்.

இங்கே அப்பா இடைமறித்தார். “வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகும்?” கேள்வியைக் கேட்டு டொக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு சென்ரிமீற்றர் அளவுதான், அதனால்தான் நாக்கு, தொண்டை மாதிரி எட்டுகிற இடங்களில் தொடங்கினார்கள், உள்ளே இருக்கிறதுக்கு இழையைக் கொண்டுபோக வேண்டும், பித்தக்குழாய்க்கு ஈஆர்சிபி வழி ஏற்கனவே இருப்பதால் ஆராய்ச்சிக்காரருக்கு அதில் ஆசை என்றார். அப்பா தலையாட்டினார். லைட் கட்டி மீன் பிடிக்கிறவர்களின் ஜெனரேட்டர்களை விடிய விடியத் திருத்தியவர், தண்ணீருக்குள் வெளிச்சம் எவ்வளவு தூரத்தில் செத்துப்போகும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

மூன்றாம் துண்டு வைரஸ். எனக்கு இதுதான் விளங்காமல் இருந்தது, விளங்கியதும் இதுதான் மனதில் நின்றது. அன்டிபொடி ஒட்டுவதற்குக் குறி வேண்டும் அல்லவா, எல்லாப் புற்றுக்கலத்திலும் ஒரே குறி இருக்காது, ஒரே கட்டிக்குள்ளேயே சிலதில் இருக்கும் சிலதில் இருக்காது. “வீட்டு நம்பர் இல்லாத வீட்டுக்கு லெட்டர் எப்படிப் போகும்?” என்றார் டொக்டர். அதற்காக ஒரு வைரஸை எடுத்து, நோய் தருகிற பகுதியை நறுக்கிவிட்டு, குறியைச் செய்கிற மரபணுவை அதற்குள் வைத்து அனுப்புவார்கள். வைரஸ் புகுந்த கலம் தானே அந்தக் குறியைத் தயாரித்துத் தன் தோலில் மாட்டிக்கொள்ளும். ஜப்பானில் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஹெர்2 என்ற குறி இல்லாத மார்பகப் புற்றுக்கலங்களுக்குள் அடினோவைரஸ் மூலம் ஹெர்2இன் வெளிப்பகுதியை மாட்டவைத்து, சாயம் கட்டிய அன்டிபொடியைவிட்டு ஒளி பாய்ச்சினால், முன்பு தப்பிய கலம் இப்போது சாகிறது. அப்பா உடனே, “அப்ப வைரஸ்தான் கள்ளன்ர வீட்டுச் சுவரில இலக்கம் எழுதிவிட்டுப் போற ஆள்” என்றார். டொக்டர் அதைத் தன் மாணவர்களுக்குச் சொல்லப்போவதாகச் சொன்னார், சும்மா முகத்துக்குச் சொன்னாரோ தெரியாது, அப்பாவுக்கு அன்றைக்கு முழுக்க அதுவே போதும்.

பித்தக்குழாய்ப் புற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. அது புற்றுக்கலம் மட்டும் திரண்ட கட்டி அல்ல, சுற்றிவரத் தழும்பு மாதிரி நார் தடித்துக் கிடக்கும், காவல் கலங்கள் உள்ளே நுழைவதே கஷ்டம். வைரஸ் போய் உள்ளே ஒரு கலவரம் பண்ணினால் காவல் கலங்கள் வரும் என்பது அடுத்த எதிர்பார்ப்பு. வைரஸை மருந்தாக்குவது கற்பனையும் இல்லை, சீனா 2005இலேயே ஒன்றை அனுமதித்தது, அமெரிக்கா 2015இல் தோல் மெலனோமாவுக்கு மாற்றியமைத்த ஹேர்ப்பிஸ் வைரஸை அனுமதித்தது, ஜப்பான் 2021இல் மூளைக் கட்டிக்கு ஒன்று. ஆனால் அந்த மெலனோமா மருந்தைக் கட்டிக்குள் நேராகவே ஊசியால் குத்துகிறார்கள். இரத்தத்தில் விட்டால் உடம்பு பிடித்துத் தின்றுவிடும், அடினோவைரஸை நம்மில் முக்கால்வாசிப் பேர் தடிமன் காய்ச்சலில் எப்போதோ சந்தித்திருப்போம், உடம்பு மறந்திருக்காது.

ஆக வைரஸ், ஒளி, பித்தக்குழாய், இந்த மூன்றும் சேர்ந்த சிகிச்சை? “ஆராய்ச்சிக்கூடத்துல அருமையான யோசனை. எந்த நாட்டுலயும் காசு கொடுத்து வாங்குற சிகிச்சை இல்ல” என்றார். ஏஜென்சிப் பெடியன் எங்களுக்குப் பின்னால்தான் நின்றான். டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே போய்விட்டான்.

அப்படியென்றால் 38 லட்சத்துக்கு அங்கே என்னதான் செய்வார்கள் என்று கேட்டேன். அந்த ஆஸ்பத்திரியைப் பற்றித் தான் கதைக்க முடியாது, ஆனால் எந்த இடமாக இருந்தாலும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள் என்றார். எந்த மருந்து, அது எந்த நோய்க்கு அனுமதி பெற்றது, ஆய்வு என்றால் பதிவு எண் என்ன. உண்மையான ஆய்வில் பரீட்சார்த்த மருந்துக்கு நோயாளியிடம் இப்படி லட்சக்கணக்கில் கேட்பது சந்தேகப்பட வேண்டிய சங்கதி என்றும் சொன்னார்.

பிறகு மிச்ச நேரத்தை அப்பாவின் உடம்புக்குச் செலவழித்தார். கொழும்பில் சொன்ன இரண்டு மருந்துக் கீமோ சரியானதுதான், 2010இல் 410 பேரை வைத்துச் செய்த ஆய்வு அதைத்தான் நிலைநிறுத்தியது, ஒரு மருந்து மட்டும் என்றால் 8.1 மாதம், இரண்டும் சேர்த்தால் 11.7. 2022இல் அதோடு டுர்வலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்துப் பார்த்தார்கள், நடுத்தரக் கணக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் நகர்ந்தது, ஆனால் இரண்டு வருஷத்தில் உயிரோடிருந்தவர்கள் 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதம் அளவுக்கு வந்தார்கள். “இம்யூனோதெரபின்னு உங்களுக்கு ஆசை இருந்தா இதைப் பத்தி உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, இது நிஜமா இருக்கிற ஒண்ணு.” அப்பா மாதக் கணக்கைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “நடுத்தரம் எண்டா பாதிப் பேர் அதுக்கு மேல” என்றார். பிறகு குழாயைப் பற்றிக் கேட்டார்.

குழாய்ப் பேச்சில் இருவரும் ஒரே பட்டறையில் நின்று கதைக்கிறவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். பிளாஸ்டிக் குழாய் ஏறக்குறைய மூன்று மாதத்தில் அடைக்கத் தொடங்கும், கம்பிவலைக் குழாய் அதைவிட நீடிக்கும், சந்தியில் இருக்கிற கட்டிக்கு எதை எத்தனை வைப்பது என்பது வைக்கிறவரின் முடிவு. கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல் பித்தம் சுரக்கும், வழி அடைத்தால் அது எங்கே போகும்? “பெற்றோல் லைன்ல மண்டி பிடிக்கிற மாதிரி” என்றார் அப்பா. “அதேதான் ஐயா, ஆனா இங்க மண்டியில கிருமி வளரும்.” நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கண் திரும்ப மஞ்சளானாலோ, விடியட்டும் என்று பார்க்காமல் இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பனடோல் போட்டுப் படுக்கக்கூடாது. அதை எனக்கு இரண்டு தரம் திருப்பிச் சொல்லவைத்தார். கோல் முடிந்து ஐந்தாம் கிழமை, இரவு ஒன்றரை மணிக்கு அப்பாவுக்கு நடுக்கம் வந்தது, பல் தட்டுகிற நடுக்கம். அன்றைக்கு நாங்கள் விடியும்வரை பார்க்கவில்லை, ஓட்டோ பிடித்துவிட்டோம். அதற்கு மேல் எழுதத் தேவையில்லை, ஆள் இப்போது வீட்டில் இருக்கிறார்.

மீனைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரியம்மா எங்கேயோ வாசித்துவிட்டு, மீன் தின்றால்தான் இந்தப் புற்று வரும் என்று சொல்லியிருந்தார், அப்பா இரண்டு மாதமாக மீன் தொடவில்லை. கடற்கரையில் பிறந்த மனுசன் பருப்பும் சோறும் தின்று எட்டுக் கிலோ இறங்கிப்போனார், அதில் நோய் எவ்வளவு, பட்டினி எவ்வளவு என்று யாருக்குத் தெரியும். கேட்டதற்கு டொக்டர் விளக்கினார். வடகிழக்குத் தாய்லாந்துப் பக்கம் ஆற்று மீனைப் பச்சையாகவே தின்பார்கள், அதில் வருகிற கல்லீரல் தட்டைப்புழு பித்தக்குழாயில் வருஷக்கணக்காகக் குடியிருந்து அங்கே இந்தப் புற்றைக் கொண்டுவருகிறது. வேகவைத்த கடல் மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அன்றைக்கு வீடு திரும்புகிற வழியில் அப்பா ஓட்டோவை நிற்பாட்டச் சொல்லி, ஒரு கிலோ பாரை வாங்கினார். அவரே விலை பேசினார்.

இனி மதிப்பெண். கையேட்டுக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் தாளின் தரத்துக்கு. படிக்கட்டுக்கு ஒன்றுமில்லை. டீக்கு நாலு. ரிப்போர்ட் அனுப்பிய ஒழுங்குக்கு ஒன்று, எல்லாத் தாளையும் நீங்களே உங்கள் போனில் வைத்துக்கொண்டு போங்கள். பின்தொடர் சேவை என்று அவர்கள் சொல்வது உண்மையில் பின்தொடர்தல்தான், அடுத்த பத்து நாளில் ஒன்பது தரம் எடுத்தார்கள், எல்லாம் முற்பணத்துக்காக. ஒன்பதாம் தரம் அதே பெடியன். 2018 ஆய்வைப் பற்றிக் கேட்டேன். “கையேட்ட நாங்க எழுதுறேல்ல அக்கா, மேலிருந்து வாறது” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, “ஐயாவுக்கு இப்ப எப்பிடி?” என்று கேட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

டொக்டருக்கு ஐந்து. தன்னைக் கூலிக்குப் பிடித்த ஏஜென்சியின் அறைக்குள்ளேயே, அவர்களின் சரக்கைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னதற்கு இன்னும் ஒன்று சேர்க்கலாம் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தரமும் அவரையே தருவார்களா என்று பதியும்போது கேட்டேன், இப்போது அவர் அவர்களோடு இல்லையாம்.

கோலின் பதிவை மறுநாளே வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள், கேட்காமலேயே. அதற்கு முழு மதிப்பெண். அப்பா அதை என் பழைய டப்லெட்டில் போட்டுவைத்திருக்கிறார். பார்க்க வருகிற படகுக்காரர்களுக்கு முன்னால் அதை ஓடவிட்டு, மாதக் கணக்கு வருகிற இடத்தை விரலால் தள்ளிவிட்டு, வைரஸ் வருகிற இடத்தில் நிற்பாட்டுவார். “இப்ப பாருங்கோ, நான் ஒண்டு சொல்லுவன்” என்பார்.